உன் அம்மாவின் இடத்தில் சில மாதங்கள்

தம்பி,

போன வாரம் போனில் பேசும்போது சிரித்துக்கொண்டே ஒன்று கேட்டாய். "ஏம்ப்பா, நீங்க எல்.கே.ஜி. டீச்சரா போன கதையைக் கயல்கிட்டச் சொன்னேன், அவ நம்பவே மாட்டேங்குறா. நெசமா அங்க என்னதான் செஞ்சீங்க?" அந்த நேரத்தில் பந்தல்காரர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அடுத்த மாதம் உனக்கும் கயலுக்கும் கல்யாணம். அதற்கு முன்னால் மகனை உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எல்லா அப்பாக்களுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கிறது. ஆனால் நீ ஓசூரிலிருந்து வந்தால் வந்த வேகத்தில் கிளம்பிவிடுவாய். நேரில் பேசினால் என் குரல் தானாக ஏறிவிடும், நீயும் போனை எடுத்துக்கொண்டு அங்கிட்டுப் போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன். கயலும் படிக்கட்டும். அவள் நம்பாததில் தப்பே இல்லை, போன முதல் நாள் எனக்கே நம்பிக்கை இல்லை.

அம்மா ஸ்கூட்டியிலிருந்து விழுந்து கால் முறிந்தபோது நீ லீவு போட்டு வந்து, திருச்சி ஆஸ்பத்திரியில் கூடவே இருந்து, வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போனாய். நீ போன பிறகு அவள் பள்ளிக்கூடத்துத் தாளாளர் அம்மா பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் காலைப் பற்றிக் கொஞ்சம், வகுப்பைப் பற்றி நிறையப் பேசினார்கள். அம்மாவின் வகுப்பு எப்படிப்பட்டது என்று உனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும். மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து, வேறு நர்சரிகளில் சேர்க்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிய இரண்டு பிள்ளைகளையும் அவள் வைத்துக்கொண்டிருந்தாள். அதற்கென்று தனியாகப் பயிற்சிக்கெல்லாம் போய்வந்தவள். அவள் இல்லாத நாட்களில் மாற்று டீச்சராக ஒரு பெண் வந்து, மறுநாளே நின்றுவிட்டாளாம். அடுத்து வந்தவள் மத்தியானத்தோடு போய்விட்டாளாம். "வேற ஆள் கெடைக்கிற வரைக்கும் அந்த ரெண்டு பிள்ளைகளை மட்டும் வீட்ல இருக்கச் சொல்லலாமான்னு யோசிக்கிறேன் செல்வி" என்றார்கள். கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்த உன் அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "இவரு சும்மாதானே இருக்காரு" என்றாள்.

தம்பி, நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ரிட்டயரானவன். ஹைஸ்கூல் மைதானத்தில் இந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கோடியில் கிரிக்கெட் ஆடுகிறவன் பந்தைக் கீழே போட்டுவிட்டு நிற்பான். மூக்கு ஒழுகும் வயசுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து எனக்கு வழக்கமில்லை. மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அம்மா, "நீங்க பாடம் எடுக்கப் போகல. நான் வர்ற வரைக்கும் எடத்தைப் பாத்துக்கப் போறீங்க, அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, ஒங்க கொரலை வீட்லயே வச்சுட்டுப் போங்க" என்றாள். தாளாளர் அம்மா சிரித்துவிட்டார்கள். எனக்கு ரோஷம் வந்து ஒத்துக்கொண்டேன்.

குரலை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன், விசிலை வைக்க மறந்துவிட்டேன். சட்டைப் பையில் அது பாட்டுக்குக் கிடந்தது. முதல் நாள் இடைவேளை முடிந்து பிள்ளைகள் மூலைக்கு ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தார்கள். பழக்கதோஷம், எடுத்து ஊதிவிட்டேன். எல்லாப் பிள்ளைகளும் அப்படியே நின்றார்கள். ஒருவன் மட்டும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து தலையை முட்ட ஆரம்பித்தான். அவன்தான் இனியன். ஆட்டிசம் உள்ள பிள்ளை, பேச்சு இல்லை. நான் ஓடிப்போய் இறுக்கிப் பிடித்துத் தூக்கினேன். என் மணிக்கட்டில் நன்றாகக் கடித்துவிட்டான். ஆயா பாக்கியம் வந்து என் கையை விலக்கி, அவன் தலைக்கு அடியில் ஒரு பாயை மடித்து வைத்து, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்பிள்ளை, காலுக்குப் பட்டை போட்ட ஷூ போட்டிருந்தது, என்னை ஏற இறங்கப் பார்த்தது. "அவனுக்கு விசில் புடிக்காது" என்றது. கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் புடிக்கல" என்றது. அது தர்ஷினி.

சாயங்காலம் மணிக்கட்டைக் காட்டினேன். அம்மா மருந்து போட்டுக்கொண்டே, "சொவத்துல படம் தொங்குமே, அது இருந்துச்சா?" என்று கேட்டாள். அந்தப் படங்களைக் காலையிலேயே கழற்றி அலமாரியில் வைத்திருந்தேன். கயிற்றில் கிளிப் போட்டுப் பை, பிரேயர், தண்ணீர், கட்டைகள், டிபன் பாக்ஸ், வீடு என்று வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது எனக்கு ஏதோ பழைய விழா அலங்காரம் மாதிரி தெரிந்தது. அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். "ஏங்க, அதுதாங்க அவனுக்குக் கடிகாரம். ஒவ்வொண்ணும் முடிய முடிய அவனே கழட்டி டப்பாவுல போடுவான். கடைசியா வீடு மட்டும் தொங்கும். அப்பத்தான் அம்மா வரும்னு அவனுக்குத் தெரியும். டீச்சரும் இல்ல, படமும் இல்லேன்னா அவன் எதைப் புடிச்சுட்டு நிப்பான்?"

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போய்ப் படங்களைப் பழையபடி மாட்டினேன். இனியன் வந்தான், என்னைப் பார்க்கவில்லை, நேராகச் சுவருக்குப் போய் ஒவ்வொரு படமாகத் தொட்டுப் பார்த்தான். பிறகு பையைக் கொண்டுபோய் வைத்தான், பைப் படத்தைக் கழற்றி டப்பாவில் போட்டான். அந்தச் சின்ன டப்பாவில் கிளிப் விழுந்த சத்தத்தைக் கேட்டு நான் அடைந்த நிம்மதியை என் ஸ்கூல் பிள்ளைகள் மாவட்டப் போட்டியில் ஜெயித்தபோதுகூட அடைந்ததில்லை. நீ சிறுவனாக இருந்தபோது உனக்கும் ஒரு நீலப் பூப் போட்ட தட்டு இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அதில்தான் சாப்பிடுவாய். கொடும்பாளூரில் உன் மாமா வீட்டுக்குப் போனாலும் அம்மா அதைப் பையில் எடுத்து வருவாள். நான் கேலி செய்வேன். அன்றைக்கு அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோதுதான், அவள் எதைச் சுமந்துகொண்டு வந்தாள் என்று எனக்கு விளங்கியது.

அப்புறம் நான் புதுசாக ஒன்றும் செய்யவில்லை. மாற்று டீச்சருக்கு அதுதான் வேலை என்று புரிந்துவிட்டது. அம்மா பாடும் பாட்டையே அதே வரிசையில் பாடினேன். எனக்கு ராகம் வராது, அதைத் தர்ஷினி தினமும் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. அம்மா உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்தேன். மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டேன், அது முட்டி வலியோடு தரையில் உட்கார்ந்து எழுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. பிள்ளைகள் என்னைக் கொஞ்ச நாள் 'மிஸ்' என்று கூப்பிட்டார்கள், பிறகு திருத்திக்கொண்டு 'சார் மிஸ்' என்றார்கள். அதிலேயே நிலைத்துவிட்டது. இனியன் பக்கத்தில் போகும்போது அவனைத் தொடாமல் உள்ளங்கையை மட்டும் நீட்டிவைத்துக்கொண்டு சும்மா இருப்பேன். பல நாள் அவன் கண்டுகொள்ளவில்லை. ஒருநாள் ஒரு பச்சைக் கட்டையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். நான் வாங்கிக்கொண்டதும் இன்னொன்றைக் கொண்டுவந்தான். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் வேறு வேலையே பார்க்கவில்லை.

தர்ஷினியிடம் நான் வாங்கிய பாடம் வேறு. அதன் கால் தசைக்குப் பலம் கம்மி. தரையிலிருந்து எழும்போது தடுமாறும். தடுமாறினால் நான் ஓடிப்போய்க் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவிடுவேன். ஒருநாள் என் கையைத் தட்டிவிட்டது. "நானே எந்திரிப்பேன் சார் மிஸ். நீங்க எண்ணுங்க." சரியென்று ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பத்துக்குள் எழ முடியவில்லை. முறைத்துப் பார்த்து, "மெதுவா எண்ணுங்க" என்றது. மெதுவாக எண்ணினேன், எழுந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க ஸ்டாப் வாட்சும் கையுமாக, இன்னும் வேகம் இன்னும் வேகம் என்று பிள்ளைகளை விரட்டிய ஆள் நான். அன்றிலிருந்து தினமும் அதற்காக மெதுவாக எண்ணினேன். தம்பி, நீயும் கயலும் ஒரே வேகத்தில் நடக்கப் போவதில்லை. யார் தடுமாறினாலும் மற்றவர் உடனே தூக்கிவிட வேண்டும் என்றும் இல்லை. எண்ணுவதைக் கொஞ்சம் மெதுவாக்கினால் போதும்.

இப்படியே போயிருந்தால் நல்ல பெயரோடு வந்திருப்பேன். விளையாட்டு விழா வந்தது. பி.டி. மாஸ்டருக்கு விளையாட்டு விழா என்றால் சும்மா இருக்க முடியுமா? தாளாளர் அம்மா, "அந்த ரெண்டு பிள்ளைகளையும் கெஸ்ட் பக்கத்துல உக்கார வச்சிரலாம் சார்" என்றார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாப் பிள்ளையும் ஓட வேண்டும் என்று வாதாடி ஜெயித்தேன். தர்ஷினிக்கு நடை, இனியனுக்கு ஒரு கட்டையை எடுத்துக்கொண்டுபோய்க் கூடையில் போடும் போட்டி. இனியன் ஒத்திகையில் அருமையாகச் செய்தான். நான் வீட்டுக்கு வந்து பெருமையடித்துக்கொண்டேன். அம்மா, "மைக் செட்டு உண்டா?" என்று மட்டும் கேட்டாள். சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன் என்றேன்.

சொல்லித்தான் இருந்தேன். மைக் செட்டுக்காரர் ஒயரை மாற்றிச் செருகினார், ஸ்பீக்கர் கீச்சென்று ஒரு கத்துக் கத்தியது, பெரியவர்களே காதைப் பொத்தினார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது இனியன் நின்ற இடத்தில் கட்டை மட்டும் கிடந்தது. கேட் திறந்திருந்தது. எதிரே சர்வீஸ் ரோடு, அதைத் தாண்டினால் மதுரைக்குப் போகும் பஸ்ஸும் லாரியும் பறக்கிற ரோடு. என் கால் முட்டி என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது, ரோட்டில்தான் இருந்தேன். தாளாளர் அம்மா ஒரு பக்கம், வந்திருந்த அப்பாக்கள் ஒரு பக்கம். இனியனின் அம்மா ரோட்டோரம் தள்ளுவண்டியில் டிபன் கடை போட்டிருக்கிற பெண். மகன் போட்டியைப் பார்க்கக் கடையைச் சாத்திவிட்டு நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கத்தவில்லை. ஒவ்வொரு லாரிக்கு அடியிலும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். அந்தக் காட்சியை நான் மறக்கப் போவதில்லை.

எங்கே தேடலாம் என்று தெரியாமல் கேட்டுக்குத் திரும்பி வந்தேன். தர்ஷினி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. ரொம்ப நேரமாக எதையோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அவ்வளவு பேர் அந்தப் பக்கம் ஓடியும் ஒருவரும் நின்று கேட்கவில்லை, நானும்தான். "சார் மிஸ், அவன் ரோட்டுக்குப் போவல. செல்வி மிஸ் எடத்துக்குப் போனான்." எந்த இடம் என்றேன். கையைக் காட்டிவிட்டு முன்னால் நடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஓட எனக்குக் கை துடித்தது. தூக்கவில்லை. அது நடந்த வேகத்தில் பின்னாலேயே போனேன். சமையல்கட்டுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில், ஓடாத பழைய ஸ்கூல் வேன் ஒன்று நிற்கிறது. கதவு திறந்திருந்தது. கடைசி சீட்டில் இனியன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேர்த்திருந்தான், ஆனால் அழவில்லை. லேசாக ஆடிக்கொண்டிருந்தான்.

அவன் அம்மாவைக் கூட்டிவர ஆயாவை அனுப்பிவிட்டு நான் படிக்கட்டில் உட்கார்ந்தேன். தர்ஷினி, "சத்தம் வந்தா மிஸ் இங்கதான் கூட்டிட்டு வருவாங்க" என்றது, எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற மாதிரி. பிறகு வீட்டில் கேட்டேன். அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. "அய்யோ, அதை ஒங்ககிட்டச் சொல்லவே இல்லையே. நாங்க பாட்டுக்குப் போவோம் வருவோம், அதைச் சொல்லணும்னே எனக்குத் தோணல" என்றாள். பிள்ளை காணாமல் போகவே இல்லை, தம்பி. சத்தம் பொறுக்க முடியவில்லை என்றால் எங்கே போக வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அவன் அங்கே சரியாகப் போயிருக்கிறான். வழி தெரியாமல் ரோட்டில் அலைந்தது பெரியவர்கள் நாங்கள்தான்.

ஆனால் அன்றைக்கு எல்லோரும் பயந்துபோயிருந்தார்கள். தாளாளர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், செல்வி வர்ற வரைக்கும் அவன் வீட்ல இருக்கட்டும். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்லுவேன்?" என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இனியனின் அம்மா அதற்கு முன்பே பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அவனோடு போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. அன்று சாயங்காலம் நான் அவள் கடைக்குப் போனேன். கூட்டம் குறையும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இனியன் வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து கரண்டிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அவன் ஓடணும்னு நாந்தாம்மா ஆசைப்பட்டேன். அவன் கேக்கல. மன்னிச்சுக்கம்மா" என்றேன்.

அவள் தோசைக்கல்லைத் துடைத்தாள். "எனக்கும் ஆசையாத்தான் சார் இருந்துச்சு. எம்புள்ள கூடையில கட்டை போடுறதைப் பாக்கணும்னுதானே கடையைச் சாத்திட்டு வந்தேன்" என்றாள். பிறகு, "திரும்ப அனுப்புனா அங்க வச்சுக்குவாங்களா?" என்று கேட்டாள்.

அதை நான் தாளாளர் அம்மாவிடம் கேட்டேன். குரலை உயர்த்தாமல் கேட்டேன், உன் அம்மா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். அவர்களை அந்த வேனுக்குக் கூட்டிப்போய்க் கடைசி சீட்டைக் காட்டினேன். "அவனுக்கு எங்க போகணும்னு தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் தெரியல. அதை நாம தெரிஞ்சுக்கிட்டா அவன் இங்கேயே இருக்கலாம்" என்றேன். அவர்களும் அந்த சீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். மறுநாள் கேட்டுக்கு உள்தாழ்ப்பாள் போட்டார்கள். வேனைக் கழுவித் துடைத்துப் பாய் விரித்தோம். சுவரில் தொங்கும் படங்களோடு வேன் படமும் ஒன்று சேர்ந்தது. சத்தம் தாங்கவில்லை என்றால் இனியன் அதை எடுத்துவந்து என் கையில் கொடுப்பான், நாங்கள் போவோம். சில நாள் மற்றப் பிள்ளைகளும் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கினார்கள். எல்லோருக்கும் சத்தம் தாங்காத நாள் ஒன்று இருக்கத்தானே செய்யும்.

கட்டுப் பிரித்து, ஊன்றுகோலையும் விட்டு, உன் அம்மா திரும்பிப் போகும் நாள் வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே அவள் தினமும் வகுப்புக்கு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனாள், நான் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்தேன். அவள் போட்ட திட்டம் அது. கடைசி நாள் காலையில் நான் வாசலில் நின்றேன். இனியன் உள்ளே வந்தான், பையை வைத்தான், அவளிடம் போய் மடியில் சாய்ந்துகொண்டான். என் பக்கம் திரும்பவே இல்லை. தர்ஷினி மட்டும், "சார் மிஸ், நீங்க வீட்டுக்குப் போலாம்" என்றது. பிள்ளையை விட வந்த இனியனின் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வருத்தமா இருக்கா சார்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கொஞ்சம் இருந்தது. ஆனால் அவன் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்து அழுதிருந்தால் அவ்வளவு மாதமும் நான் வேலையைத் தப்பாகப் பார்த்திருக்கிறேன் என்று அர்த்தம். ஒருவர் இடத்தைப் பத்திரமாகப் பார்த்து, வைத்தது வைத்தபடி அவரிடமே திருப்பிக் கொடுப்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியில் ஒரு டீ குடித்தேன், நன்றாக இருந்தது.

உன் அம்மாவுக்கும் எனக்கும் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் இடத்தில் நின்று பார்த்த பிறகுதான் தெரிந்தது. கயலுக்கும் ஒரு வேலை இருக்கிறது, ஒரு வீடு இருக்கிறது, நீ இதுவரை பார்க்காத நாட்கள் இருக்கின்றன. கால் முறியும் வரை காத்திருக்காதே. அவ்வப்போது அவள் இடத்தில் கொஞ்சம் நின்று பார். போகும்போது அங்கே எதையும் எடுத்து அலமாரியில் வைத்துவிடாதே.

இன்னொரு சங்கதி. இனியன் வீட்டுக்கும் தர்ஷினி வீட்டுக்கும் பத்திரிகை வைத்துவிட்டோம். தர்ஷினி வரவேற்புக்கே வரும், உன்னிடம் நிறையப் பேசும். நீ வரவேற்புக்குச் செண்டை மேளம் சொல்லியிருக்கிறாயாம். வேண்டாம் என்று சொல்லமாட்டேன், உன் கல்யாணம், உன் ஆசை. அதனால் இனியனைக் கல்யாணத்துக்கு அப்புறம், வரவேற்புக்கு முதல் நாள் மத்தியானமே வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்தில் நீயும் கயலும் வெளியே கிளம்பிவிடாதீர்கள். வந்தால் பெயர் கேட்காதே, கன்னத்தைத் தொடாதே, செல்ஃபி எடுக்க வேண்டாம். பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள், போதும். அவன் மாப்பிள்ளையையும் பார்க்க மாட்டான், பெண்ணையும் பார்க்க மாட்டான். நம் கூடத்து ஃபேனைத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான். நீங்களும் கொஞ்ச நேரம் அவனோடு அந்த ஃபேனைப் பாருங்கள்.

அப்பா